ஆங்கிலத்தில் கலையை விவரிக்கும்போது எண்ணக்கூடிய பெயர்ச்சொற்களும் எண்ண முடியாத பெயர்ச்சொற்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஓவியம், சிற்பம், புகைப்படம் ஆகியவற்றைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதுவோருக்குக் காலங்களும் வாக்கிய அமைப்பும் கைவந்த பிறகும், சொல்லின் இறுதியில் ‘எஸ்’ சேர்ப்பதா, முன்னால் ‘எ’ போடுவதா என்ற ஐயம் மட்டும் நீங்காமல் நிற்கிறது. மாணவர்களும் மொழித் தேர்வு எழுதுவோரும் கண்காட்சிக் குறிப்பு எழுதுவோரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளும் அவற்றுக்கான விடைகளும் கீழே உள்ளன.

கேள்வி: தமிழ் பேசுவோருக்கு இந்த வேறுபாடு ஏன் எளிதில் பிடிபடுவதில்லை?

தமிழில் அஃறிணைப் பெயர்களுக்குக் ‘கள்’ விகுதி கட்டாயமில்லை. ‘சுவரில் நான்கு ஓவியம் இருக்கிறது’ என்று பேச்சில் சொன்னால் எவரும் திருத்துவதில்லை. மாடு வந்தது, மாடு வந்தன என்று ஒரே சொல்லை ஒருமைக்கும் பன்மைக்கும் வழங்குவதைப் பால்பகா அஃறிணைப் பெயர் என்று இலக்கணமே ஏற்றுக்கொள்கிறது. ‘ஒரு’ என்பதையும் வேண்டுமானால் சேர்க்கலாம், வேண்டாமென்றால் விடலாம். ஆங்கிலத்தில் அந்த உரிமை கிடையாது. எண்ணக்கூடிய பெயர்ச்சொல் ஒருமையில் வந்தால் அதன் முன்னால் ‘எ’, ‘தி’, ‘திஸ்’, ‘ஹெர்’ போன்ற ஒரு சொல் வந்தே தீர வேண்டும். எண்ண முடியாத பெயர்ச்சொல்லுக்கோ ‘எ’ வராது, பன்மை வராது, வினைச்சொல் எப்போதும் ஒருமையில்தான் வரும்.

கலைத்துறையில் இந்தச் சிக்கல் இன்னும் கூடுகிறது. ஒரு கலையின் செயலுக்கும், அது பயன்படுத்தும் பொருளுக்கும், இறுதியில் கிடைக்கும் படைப்புக்கும் ஆங்கிலம் பெரும்பாலும் ஒரே சொல்லை வைத்திருக்கிறது. ஆகவே ‘இந்தச் சொல் எண்ணக்கூடியதா?’ என்று கேட்டால் பல சமயங்களில் விடையே கிடைக்காது. ‘இந்த வாக்கியத்தில் இந்தச் சொல் எதைக் குறிக்கிறது?’ என்று கேட்டால் விடை கிடைத்துவிடும். பின்வரும் விடைகளில் பெரும்பாலானவை இந்த ஒரு கேள்வியைத்தான் வெவ்வேறு சொற்களிடம் கேட்டுப் பார்க்கின்றன.

கேள்வி: ‘ஆர்ட்’, ‘ஆர்ட்ஸ்’, ‘அன் ஆர்ட்’ ஆகிய மூன்றும் சரியா?

மூன்றும் சரியே, ஆனால் மூன்றுக்கும் பொருள் வேறு.

ஓவியம், சிற்பம் முதலிய காட்சிக் கலையைப் பொதுவாகக் குறிக்கும்போது ‘ஆர்ட்’ எண்ண முடியாத சொல். ‘ஐ லவ் ஆர்ட்’, ‘மாடர்ன் ஆர்ட் இஸ் ஹார்ட் டு டிஃபைன்’ என்பவை சரியான வாக்கியங்கள். இங்கே ‘தி மாடர்ன் ஆர்ட்’ என்று எழுதுவது தமிழ் மாணவர்களிடம் மிகப் பரவலாகக் காணப்படும் பிழை. பெயரடை ஒன்று சேர்ந்துவிட்டதாலேயே ஒரு பொதுப்பெயர் குறிப்பிட்ட பொருளாகிவிடுவதில்லை. ஆனால் பின்னால் ‘ஆஃப்’ வந்து எல்லை வகுத்துவிட்டால் ‘தி’ தேவைப்படும்: ‘தி ஆர்ட் ஆஃப் தி ரினைசான்ஸ்’.

‘தி ஆர்ட்ஸ்’ என்றால் இசை, நடனம், நாடகம், இலக்கியம், ஓவியம் எல்லாம் சேர்ந்த தொகுதி. ‘ஆர்ட்ஸ் ஸ்டூடன்ட்’ என்றால் அறிவியல் பிரிவைச் சேராத, மொழி, வரலாறு போன்ற பாடங்களைப் படிக்கும் மாணவர் என்று பொருள்படுவதும் உண்டு. எனவே ஓவியக் காட்சிக்குப் போவதில் விருப்பமுள்ள ஒருவர் ‘ஐ லைக் ஆர்ட்ஸ்’ என்று சொன்னால், கேட்பவருக்கு அந்தச் சொல் வேறு எங்கோ போய் நிற்கும். ‘ஆய கலைகள் அறுபத்து நான்கு’ என்று பன்மையிலேயே கேட்டுப் பழகிய காதுக்கு ‘ஆர்ட்ஸ்’ இயல்பாகத் தோன்றுவதில் வியப்பில்லை. அந்தத் தொடரில் உள்ள ‘கலைகள்’ தனித்தனி வித்தைகளைக் குறிப்பதால் அங்கே பன்மை பொருந்துகிறது.

அந்த ‘வித்தை’ என்ற பொருளில்தான் ஆங்கிலத்தில் ‘அன் ஆர்ட்’ வருகிறது. ‘லெட்டரிங் இஸ் அன் ஆர்ட்’ என்றால் எழுத்துகளை அழகுற வரைவது பயின்று பெற வேண்டிய ஒரு திறன் என்று பொருள். சுவரில் தொங்கும் ஒரு படத்தை ‘அன் ஆர்ட்’ என்று ஒருபோதும் சொல்வதில்லை.

நிறுவனங்களின் பெயர்களிலும் இந்த வேறுபாட்டைக் காணலாம். லண்டனில் 1768இல் நிறுவப்பட்ட ‘ராயல் அகாடமி ஆஃப் ஆர்ட்ஸ்’ ஓவியம், சிற்பம், கட்டடக்கலை எனத் தனித்தனிக் கலைகளுக்கானது. பெயரில் பன்மை உள்ளது. நியூயார்க்கில் 1929இல் தொடங்கிய ‘மியூசியம் ஆஃப் மாடர்ன் ஆர்ட்’ நவீன கலையை ஒரே பரப்பாகக் கொள்கிறது. பன்மையும் இல்லை, ‘மாடர்ன்’ என்பதற்கு முன்னால் ‘தி’யும் இல்லை.

கேள்வி: ‘வொர்க்’, ‘வொர்க்ஸ்’, ‘ஆர்ட்வொர்க்’ ஆகியவற்றை எப்படிப் பிரித்தறிவது?

‘வொர்க்’ உழைப்பைக் குறித்தால் எண்ண முடியாதது. ஒரு படைப்பைக் குறித்தால் எண்ணக்கூடியது: ‘எ வொர்க் பை ரெம்பிராண்ட்’, ‘டூ லேட் வொர்க்ஸ்’. ஒரு கலைஞரின் படைப்புகள் அனைத்தையும் ஒரே ஓட்டமாகக் கருதும்போது மீண்டும் எண்ண முடியாததாகிவிடுகிறது. ‘ஹெர் வொர்க் இஸ் க்வயட்’ (அவர் படைப்பு அமைதியானது) என்ற வாக்கியத்தில் ஒரு படத்தைப் பற்றிய பேச்சு இல்லை. அவர் வாழ்நாளெல்லாம் செய்த அனைத்தையும் பற்றிய மதிப்பீடு அது. இந்த மூன்றாவது பயன்பாடு கலை விமர்சனத்தில் மிகுதியாக வரும். கற்பவர்கள் அதைத் தவறவிட்டு ‘ஹெர் வொர்க்ஸ் இஸ்’ என்று ஒருமையையும் பன்மையையும் கலந்துவிடுகிறார்கள். ‘ஹெர் வொர்க்ஸ் ஆர்’ என்பதும் சரிதான். ஆனால் அது தனித்தனிப் படைப்புகளை மனத்தில் வைத்துச் சொல்வது.

‘வொர்க் ஆஃப் ஆர்ட்’ என்பதன் பன்மை ‘வொர்க்ஸ் ஆஃப் ஆர்ட்’. எண்ணப்படுவது படைப்பே என்பதால் பன்மை விகுதி அங்கேதான் சேர வேண்டும். ‘வொர்க் ஆஃப் ஆர்ட்ஸ்’ தவறு.

‘ஆர்ட்வொர்க்’ இரண்டு வகையிலும் வழங்குகிறது. அச்சு, வடிவமைப்புத் துறைகளில் அட்டைக்கோ விளம்பரத்துக்கோ தயாராகும் ஓவியப் பகுதி முழுவதையும் ‘தி ஆர்ட்வொர்க்’ என்று எண்ண முடியாத பொருளில் சொல்வார்கள். காட்சிக்கூடங்களில் ‘அன் ஆர்ட்வொர்க்’, ‘ஆர்ட்வொர்க்ஸ்’ என்று எண்ணக்கூடிய பொருளில் சொல்வார்கள். கட்டுரை எழுதும்போது ‘வொர்க்ஸ்’ அல்லது ‘வொர்க்ஸ் ஆஃப் ஆர்ட்’ என்று எழுதுவதே என் பார்வையில் தெளிவானது. ‘ஆர்ட்வொர்க்’ சிறிது வணிகச் சாயல் கொண்டது.

கேள்வி: ‘பெயின்டிங்’ எண்ணக்கூடியதா, எண்ண முடியாததா?

வரையும் செயலையும், ஒரு நாட்டின் அல்லது காலத்தின் ஓவிய மரபையும் குறிக்கும்போது எண்ண முடியாதது. வரைந்து முடித்த படத்தைக் குறிக்கும்போது எண்ணக்கூடியது. ‘ரெம்பிராண்ட் சேஞ்ச்ட் டச் பெயின்டிங்’ என்று எழுதினால், அவர் நெதர்லாந்தின் ஓவிய மரபையே மாற்றினார் என்று பொருள். 1642இல் அவர் முடித்த ‘தி நைட் வாட்ச்’ போன்ற படங்களை மனத்தில் வைத்துச் சொல்லத்தக்க வாக்கியம் அது. இடையில் ஓர் ‘எ’ நுழைந்து ‘ரெம்பிராண்ட் சேஞ்ச்ட் எ டச் பெயின்டிங்’ என்றாகிவிட்டால், யாரோ வரைந்து வைத்திருந்த ஒரு படத்தில் அவர் கைவைத்துத் திருத்தினார் என்று பொருளாகிவிடும். ஒரெழுத்துச் சொல் ஒரு பாராட்டைக் குற்றச்சாட்டாக மாற்றிவிடுகிறது.

‘டிராயிங்’, ‘ஸ்கல்ப்ச்சர்’, ‘கார்விங்’, ‘எட்ச்சிங்’, ‘என்கிரேவிங்’, ‘கொலாஜ்’ ஆகிய சொற்களும் இதே வழியில் நடப்பவை: செயல் அல்லது நுட்பம் என்றால் எண்ண இயலாது, கையில் எடுத்துக் காட்டத்தக்க பொருள் என்றால் எண்ணலாம். இவற்றில் ‘ஸ்கல்ப்ச்சர்’ சற்றே நெகிழ்வானது. ‘தி கார்டன் இஸ் ஃபுல் ஆஃப் ஸ்கல்ப்ச்சர்’ என்றும் ‘ஸ்கல்ப்ச்சர்ஸ்’ என்றும் எழுதலாம். முதலாவது சிற்பத்தை ஒரு கலை வகையாகப் பார்க்கிறது. இரண்டாவது ஒவ்வொன்றாக நின்று பார்க்கிறது. இரண்டும் பிழையில்லாதவை என்பதால் இங்கே தேர்வு எழுதுபவரின் கையில்.

‘பிரின்ட்’ பற்றி ஒரு சொல். மரப்பலகையிலோ உலோகத் தகட்டிலோ செதுக்கி அச்செடுத்த ஒவ்வொரு தாளும் ‘எ பிரின்ட்’. ஜப்பானிய ஓவியர் ஹொகுசாய் 1831ஐ ஒட்டி வடிவமைத்த பேரலைப் படத்துக்கு ஒரே மூலப்படம் என்று எதுவும் சுவரில் தொங்கவில்லை. உலகின் பல அருங்காட்சியகங்களில் அதன் ‘பிரின்ட்ஸ்’ இருக்கின்றன. அதனால் அதை ‘எ பெயின்டிங்’ என்று எழுதுவது இலக்கணப்படி சரியாக இருந்தாலும் தகவல் பிழையாகும்.

கேள்வி: எந்தச் சூழலிலும் பன்மையாக்கக் கூடாத சொற்கள் உண்டா?

உண்டு. முந்தைய விடையில் உள்ள விதி இவற்றிடம் செல்லாது. மனத்தில் பதித்துக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை. நல்வேளையாக, இவற்றில் பலவற்றுக்கு எண்ணக்கூடிய இணைச்சொல் ஒன்று அருகிலேயே இருக்கிறது. ‘ஃபோட்டோகிராஃபி’ கலை, ‘எ ஃபோட்டோகிராஃப்’ படம். ‘பாட்டரி’ மட்கலம் வனையும் தொழிலும் அதில் விளையும் பொருள்களின் தொகுதியும், ‘எ பாட்’ ஒரு கலம். ‘இமேஜரி’ படிமங்களின் தொகுதி, ‘அன் இமேஜ்’ ஒரு படிமம். ‘சிம்பாலிசம்’ குறியீட்டு முறை, ‘எ சிம்பல்’ ஒரு குறியீடு. ‘பிரஷ்வொர்க்’ தூரிகையைக் கையாண்ட விதம், ‘எ பிரஷ்ஸ்ட்ரோக்’ ஒரு தீற்று. ‘சீனரி’ இயற்கைக் காட்சிப் பரப்பு, ‘எ சீன்’ ஒரு காட்சி.

‘ஜுவல்லரி’யும் அப்படியே. டச்சு ஓவியர் வெர்மியர் 1665ஐ ஒட்டி வரைந்த புகழ்பெற்ற படத்தின் ஆங்கிலத் தலைப்பில் ‘எ பேர்ல் இயரிங்’ என்று வருகிறது. அந்தக் காதணி எண்ணக்கூடியது. அந்தப் படத்தில் உள்ள பெண் நகை அணிந்திருக்கிறாள் என்று பொதுவாகச் சொல்ல ‘ஷி வேர்ஸ் ஜுவல்லரி’ போதும். ஒன்று என்று வற்புறுத்த வேண்டுமானால் ‘எ பீஸ் ஆஃப் ஜுவல்லரி’.

சொல்லின் முடிவைப் பார்த்துச் சற்றே ஊகிக்கலாம்: ‘-ரி’, ‘-வொர்க்’, ‘-இசம்’, ‘-ஷிப்’ என்று முடியும் சொற்களில் பல எண்ண முடியாதவை. ஆனால் இந்த ஊகத்தை முழுவதும் நம்பிவிட வேண்டாம். நெய்த சித்திரத் திரைச்சீலையைக் குறிக்கும் ‘டேபெஸ்ட்ரி’ என்ற சொல்லும் அப்படித்தான் முடிகிறது; இருந்தும் ‘எ டேபெஸ்ட்ரி’, ‘டேபெஸ்ட்ரீஸ்’ என்பவை முற்றிலும் சரி. ஏறத்தாழ 70 மீட்டர் நீளமுள்ள பேயோ டேபெஸ்ட்ரி அந்தப் பெயரால் அறியப்பட்டாலும், அது தறியில் நெய்ததன்று, துணியில் ஊசியால் தைத்த பூத்தையல் என்பது வேறு கதை.

கேள்வி: அருங்காட்சியகக் குறிப்புகளில் ‘ஆயில் ஆன் கேன்வாஸ்’ என்று ‘எ’ இல்லாமல் எழுதியிருப்பது ஏன்?

அங்கே இரண்டு சொற்களும் பொருட்களைக் குறிக்கின்றன: எண்ணெய் வண்ணம், அது பூசப்பட்ட துணி. பொருட்பெயர்கள் எண்ண முடியாதவை. வான்கோவின் ‘தி ஸ்டாரி நைட்’ (1889) அந்தக் குறிப்போடுதான் காட்சிக்கு இருக்கிறது. லியோனார்டோவின் மோனாலிசா பாப்ளர் மரப்பலகையில் வரையப்பட்டது. அதை ‘ஆயில் ஆன் பாப்ளர்’ என்று எழுதினால், வளர்ந்து நிற்கும்போது எண்ணக்கூடியதாக இருந்த அந்த மரம் பலகையானதும் எண்ண முடியாததாகிவிடுகிறது.

ஆனால் அதே பொருட்பெயர் அந்தப் பொருளால் ஆன படைப்பைக் குறிக்கத் தொடங்கினால் எண்ணக்கூடியதாக மாறும். ‘எ கேன்வாஸ்’ என்றால் ஓர் ஓவியம். ‘அன் ஆயில்’ என்றால் ஓர் எண்ணெய் வண்ண ஓவியம். ‘எ வாட்டர்கலர்’ என்றால் ஒரு நீர்வண்ண ஓவியம். ‘எ பிரான்ஸ்’ என்றால் ஒரு வெண்கலச் சிற்பம். பிக்காசோவின் ‘குவெர்னிகா’வை (1937) பொருள் நோக்கில் ‘ஆயில் ஆன் கேன்வாஸ்’ என்றும், ஏறத்தாழ 3.5 மீட்டர் உயரமும் 7.8 மீட்டர் அகலமும் கொண்ட அதன் அளவை நினைத்து ‘அன் இனார்மஸ் கேன்வாஸ்’ என்றும் எழுதலாம். முதலாவதில் ‘எ’ வராது, இரண்டாவதில் வராமல் இருக்க முடியாது. வண்ணங்களைப் பன்மையில் சொல்வதும் உண்டு: ‘ஷி பெயின்ட்ஸ் இன் ஆயில்ஸ்’. இங்கே ‘ஆயில்ஸ்’ என்பது படங்களைக் குறிக்கவில்லை, பல நிற எண்ணெய் வண்ணங்களைக் குறிக்கிறது.

இப்படிப் பெயரிடும்போது பொருள் உண்மையாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம்கூட இல்லை. 1897இல் பிரிட்டிஷ் படையினர் இன்றைய நைஜீரியாவில் உள்ள பெனின் நகரிலிருந்து எடுத்துச் சென்ற உலோகப் படைப்புகள் ஆங்கிலத்தில் ‘பெனின் பிரான்சஸ்’ எனப்படுகின்றன. அவற்றில் பெரும்பாலானவை பித்தளையால் ஆனவை. பிரிட்டிஷ் மியூசியத்தில் உள்ள கிரேக்கக் கோயில் சிற்பங்களான ‘பார்த்தினான் மார்பிள்ஸ்’ என்ற பெயரிலும் பளிங்கு பன்மையாகியிருக்கிறது.

எல்லாப் பொருட்பெயர்களையும் இப்படி மாற்றிவிடலாம் என்று எண்ணிவிடக் கூடாது. ‘எ’ சேர்ந்தவுடன் அன்றாட வாழ்வின் வேறு பொருள் ஒன்று முந்திக்கொண்டு வந்து நிற்கும் சொற்கள் பல. ‘எ கிளாஸ்’ என்றால் குவளை, ‘எ வுட்’ என்றால் சிறு காடு, ‘அன் அயர்ன்’ என்றால் துணி தேய்க்கும் பெட்டி, ‘எ பேப்பர்’ என்றால் செய்தித்தாள் அல்லது ஆய்வுக் கட்டுரை. ‘எ மார்பிள்’ என்று வல்லுநர்கள் பளிங்குச் சிலையைச் சொல்வதுண்டு. பொது வாசகருக்கு அது குழந்தைகள் விளையாடும் கோலிக்குண்டு. மைக்கேலாஞ்சலோவின் ‘டேவிட்’ (1501–1504) பற்றி எழுதுபவர் ‘எ மார்பிள் ஸ்டாட்யூ’ என்று எழுதிவிட்டால் எந்தக் குழப்பமும் இல்லை. தாளில் வரைந்தவற்றுக்கு ‘வொர்க்ஸ் ஆன் பேப்பர்’ என்ற நிலைத்த தொடர் இருக்கிறது. தாளைத்தான் எண்ண வேண்டுமென்றால் ‘எ ஷீட் ஆஃப் பேப்பர்’.

கேள்வி: ‘லைட்’, ‘கலர்’, ‘ஷேடோ’, ‘ஸ்பேஸ்’, ‘லைன்’ போன்ற சொற்களில் எப்போது பன்மை வரும்?

ஓர் ஓவியத்தை நுட்பமாக விவரிக்க வேண்டுமானால் இந்தச் சொற்களில்தான் கவனம் வேண்டும். இவை ஒவ்வொன்றுக்கும் கலைக்கூறு என்ற பொருளில் எண்ண முடியாத வடிவமும், படத்தில் கண்ணுக்குத் தெரியும் தனி உருப்படி என்ற பொருளில் எண்ணக்கூடிய வடிவமும் உண்டு.

‘ஹிஸ் யூஸ் ஆஃப் கலர்’ என்றால் ஓவியர் நிறத்தைக் கையாளும் முறை. ‘ஹி யூசஸ் ஒன்லி த்ரீ கலர்ஸ்’ என்றால் எண்ணிக் காட்டத்தக்க மூன்று நிறங்கள். ‘ஹெர் சென்ஸ் ஆஃப் லைன்’ என்றால் கோட்டின்மீது அவருக்குள்ள ஆளுமை. ‘தின் லைன்ஸ்’ என்றால் மெல்லிய கோடுகள். ‘ஸ்பேஸ்’ ஆழமும் இடவெளியும் சேர்ந்த உணர்வு. ‘எம்ப்டி ஸ்பேசஸ்’ படத்தில் நிரப்பாமல் விட்ட இடங்கள். ‘ஹாஃப் தி ஃபேஸ் இஸ் இன் ஷேடோ’ என்று நிழலில் மூழ்கிய முகத்தைச் சொல்லலாம்; மேசைமீது விழும் ஒரு நிழலை ‘எ ஷேடோ’ என்றே சொல்ல வேண்டும்.

‘லைட்’ இவற்றில் வழுக்கலானது. சன்னல் வழியாக வரும் ஒளி எவ்வளவு அழகாக இருந்தாலும் அது ‘லைட்’ மட்டுமே. ‘லைட்ஸ்’ என்றவுடன் விளக்குகள் நினைவுக்கு வரும். ‘தி லைட்ஸ் இன் வெர்மியர்ஸ் ரூம்ஸ்’ என்று எழுதினால் பதினேழாம் நூற்றாண்டு அறையில் மின்விளக்குகளை மாட்டிவிட்டதுபோல் ஆகிவிடும். இருந்தாலும் ஒளியின் தன்மையைப் பெயரடையால் வரையறுத்தால் ‘எ’ வரலாம்: ‘எ சாஃப்ட் லைட் ஃபில்ஸ் தி ரூம்’. ஓவியர்கள் தம்மிடையே படத்தின் வெளிச்சப் பகுதிகளையும் இருட்பகுதிகளையும் ‘லைட்ஸ் அண்ட் டார்க்ஸ்’ என்று பன்மையில் சொல்வதும் வழக்கம். அது தொழில்வழக்கு, தேர்வுக் கட்டுரையில் தவிர்ப்பது நல்லது.

‘பெர்ஸ்பெக்டிவ்’ தொலைவைத் தட்டைப் பரப்பில் காட்டும் முறையைக் குறித்தால் எண்ண முடியாதது. ‘எ பெர்ஸ்பெக்டிவ்’ என்றால் ஒருவரின் கண்ணோட்டம். ஆகவே ‘தி பெயின்டர் யூசஸ் எ பெர்ஸ்பெக்டிவ்’ என்ற வாக்கியம் சொல்ல வந்ததைச் சொல்லவில்லை.

‘டீடெயில்’ என்ற சொல்லுக்கு மூன்று வாழ்க்கை. ‘பெயின்டட் இன் கிரேட் டீடெயில்’ என்னும்போது நுணுக்கம் என்ற எண்ண முடியாத பொருள். ‘ஸ்மால் டீடெயில்ஸ்’ என்னும்போது சிறு சிறு நுட்பக் கூறுகள். கலை நூல்களில் ஒரு படத்தின் கீழ் ‘டீடெயில்’ என்று மட்டும் அச்சிட்டிருந்தால், முழு ஓவியத்திலிருந்து ஒரு பகுதியை மட்டும் பெரிதாக்கிக் காட்டியிருக்கிறார்கள் என்று பொருள். அதைப் பற்றி எழுதும்போது ‘எ டீடெயில் ஆஃப்’ என்று தொடங்க வேண்டும்.

கேள்வி: ‘நிறைய’ என்று சொல்ல ‘மச்’, ‘மெனி’ இரண்டில் எது?

எண்ணக்கூடியவற்றுக்கு ‘மெனி’, ‘ஃபியூ’, ‘ஃபியூயர்’, ‘எ நம்பர் ஆஃப்’. எண்ண முடியாதவற்றுக்கு ‘மச்’, ‘லிட்டில்’, ‘லெஸ்’, ‘அன் அமௌன்ட் ஆஃப்’. ‘எ லார்ஜ் அமௌன்ட் ஆஃப் பெயின்டிங்ஸ்’ தவறு, ‘எ லார்ஜ் நம்பர் ஆஃப் பெயின்டிங்ஸ்’ சரி. ‘எ லாட் ஆஃப்’ இரு பக்கமும் பொருந்தும்; ஆனால் முறையான கட்டுரையில் அது அடிக்கடி வந்தால் நடை தளர்ந்து தெரியும்.

‘எ ஃபியூ’, ‘எ லிட்டில்’ என்பவற்றில் உள்ள ‘எ’யை விட்டுவிட்டால் பொருள் தலைகீழாகும். ‘எ லிட்டில் கலர்’ என்றால் கொஞ்சம் நிறம் உண்டு என்ற நிறைவு; ‘லிட்டில் கலர்’ என்றால் நிறமே இல்லாததுபோல் இருக்கிறது என்ற குறை.

எண்ண முடியாததை எண்ண வேண்டிய தேவை வந்தால் அலகுச் சொற்கள் கைகொடுக்கும். கலையை விவரிப்பதில் ‘பீஸ்’ என்ற ஒரே சொல்லை எங்கும் ஒட்டுவதைவிட, காட்சிக்குப் பொருந்தும் அலகைத் தேர்ந்தால் விவரிப்பே உயிர்பெறும்: ‘எ லேயர் ஆஃப் பெயின்ட்’ ஓர் அடுக்கு வண்ணம், ‘எ பேட்ச் ஆஃப் லைட்’ ஒரு திட்டு வெளிச்சம், ‘எ டச் ஆஃப் ரெட்’ ஒரு தொடுகைச் சிவப்பு, ‘எ ஸூட் ஆஃப் ஆர்மர்’ ஒரு முழுக் கவசம்.

கேள்வி: படத்துக்குள் இருப்பவற்றை விவரிக்கும்போது எந்தச் சொற்கள் தவறாகின்றன?

உருவப்படங்களில் ‘ஹேர்’. தலைமுடி முழுவதும் ‘ஹேர்’தான், ‘ஹெர் ஹேர்ஸ் ஆர் லாங்’ என்றால் ஒவ்வொரு மயிரிழையையும் எண்ணுவதாக ஆகிவிடும். ‘க்ளோதிங்’ எண்ண முடியாதது. ‘க்ளோத்ஸ்’ எப்போதும் பன்மை, அதற்கு உடை என்ற பொருளில் ஒருமை கிடையாது. ஓர் உடையை மட்டும் சொல்ல ‘எ கார்மென்ட்’ உண்டு.

அசையாப் பொருள் ஓவியங்களில் ‘ஃப்ரூட்’. தட்டில் குவிந்திருப்பவை பலவானாலும் ‘எ போல் ஆஃப் ஃப்ரூட்’ என்றே சொல்வார்கள். ‘ஆப்பிள்ஸ்’, ‘பேர்ஸ்’ என்று பெயர் சொன்னால் எண்ணிக்கை வரும். நிலக்காட்சிகளில் ‘ஃபோலியேஜ்’ எண்ண முடியாதது, ‘லீவ்ஸ்’ எண்ணக்கூடியது. ‘நேச்சர்’ இயற்கை என்ற பொருளில் வரும்போது அதன் முன்னால் ‘தி’ வராது. ‘ஸ்கை’ பொதுவாக ‘தி ஸ்கை’. பெயரடை சேர்ந்தால் ‘எ ஸ்டார்மி ஸ்கை’. மேகங்களையே தனியாக ஆராய்ந்து வரைந்த கான்ஸ்டபிள் போன்ற ஓவியரைப் பற்றி எழுதும்போது ‘ஹிஸ் ஸ்கைஸ்’ என்ற பன்மையும் முற்றிலும் இயல்பு; அங்கே எண்ணப்படுபவை அவர் வரைந்த வானங்கள்.

கேள்வி: ‘எ பிக்காசோ’, ‘டூ ரெம்பிராண்ட்ஸ்’ என்று கலைஞரின் பெயருக்கே பன்மை போடலாமா?

போடலாம். கலைஞரின் பெயர் அவருடைய படைப்பைக் குறிக்கும்போது அது எண்ணக்கூடிய பெயர்ச்சொல்லாக நடக்கும். ஆனால் பன்மையில் ‘எஸ்’ எழுத்துக்கு முன்னால் ‘அப்போஸ்ட்ரஃபி’ என்ற மேற்குறி இடக் கூடாது. இட்டால் அது ‘பிக்காசோவினுடைய’ என்ற உடைமைப் பொருளாகிவிடும்.

கேள்வி: ‘கிராஃபிட்டி’, ‘மீடியா’, ‘ஸ்டில் லைஃப்’ ஆகியவற்றின் ஒருமை பன்மை எப்படி?

சுவர்க் கிறுக்கல்களைக் குறிக்கும் ‘கிராஃபிட்டி’ இத்தாலிய மொழியில் பன்மை. ஆங்கிலத்தில் இன்று பெரும்பாலும் எண்ண முடியாத பெயராகி, ‘கிராஃபிட்டி இஸ்’ என்று ஒருமை வினை பெறுகிறது. ‘கிராஃபிட்டோ’ என்ற ஒருமை தொல்லியல் நூல்களில் பழங்காலச் சுவர்க் கீறல்களைக் குறிக்க வழங்குகிறது. ‘மீடியம்’ என்பதற்குக் கலை ஊடகம் என்ற பொருளில் ‘மீடியா’ பன்மை. ‘மிக்ஸ்ட் மீடியா’ என்பது குறிப்பட்டைகளில் நிலைத்துவிட்ட தொடர். ‘சீரீஸ்’ ஒருமையிலும் பன்மையிலும் மாறாது. மோனே 1890–91இல் வரைந்த வைக்கோற்போர் வரிசை ‘எ சீரீஸ்’.

‘லைஃப்’ என்பதன் பன்மை ‘லைவ்ஸ்’ என்று அறிந்தவர்கள் அதே நினைவில் ‘ஸ்டில் லைவ்ஸ்’ என்று எழுதிவிடுகிறார்கள். அசையாப் பொருள் ஓவியம் என்ற பொருளில் பன்மை ‘ஸ்டில் லைஃப்ஸ்’.

கேள்வி: ‘பியூட்டி’, ‘நாலெஜ்’ போன்ற பண்புப்பெயர்களுக்கு முன்னால் ‘எ’ வருவதைப் பார்த்திருக்கிறேன். அது பிழையா?

பிழையில்லை. பண்புப்பெயர்கள் பொதுவாக எண்ண முடியாதவை என்றாலும், அவற்றில் சிலவற்றின் முன் பெயரடை வந்து ஒரு குறிப்பிட்ட வகையைச் சுட்டினால் ‘எ’ ஏற்கும்: ‘எ ஸ்ட்ரேஞ்ச் பியூட்டி’, ‘எ டீப் நாலெஜ் ஆஃப் அனாட்டமி’. பன்மை அப்போதும் வராது. எல்லாப் பெயர்களுக்கும் இந்தச் சலுகை கிடையாது. ‘அட்வைஸ்’, ‘இன்ஃபர்மேஷன்’, ‘ஃபீட்பேக்’, ‘பிராக்ரஸ்’ ஆகியவை எந்தப் பெயரடை வந்தாலும் ‘எ’யை ஏற்பதில்லை.

‘கிரிட்டிசிசம்’ தனியே பார்க்கத்தக்கது. ‘ஆர்ட் கிரிட்டிசிசம்’ என்றால் கலை விமர்சனம் என்ற துறை, எண்ண முடியாதது. ‘எ கிரிட்டிசிசம்’, ‘கிரிட்டிசிசம்ஸ்’ என்றால் குறைகூறல்கள். ஓர் ஓவியத்தைப் பற்றி நடுநிலையாக எழுதிய மதிப்புரையை ‘எ கிரிட்டிசிசம்’ என்று அழைத்தால் குறை சொல்லியிருக்கிறார் என்றே படும்; ‘எ ரெவ்யூ’ அல்லது ‘எ கிரிட்டீக்’ பொருந்தும்.

கேள்வி: படைப்பின் தலைப்பே பன்மையில் இருந்தால் வினைச்சொல் எதில் வரும்?

தலைப்பு ஒரே படைப்பின் பெயர் என்பதால் ஒருமையில் வரும். வான்கோவின் சூரியகாந்தி ஓவியங்களுள் ஒன்றைச் சுட்டிச் ‘சன்ஃப்ளவர்ஸ் இஸ்’ என்றே எழுத வேண்டும். 1888இல் ஆர்ல் நகரில் அவர் அந்தப் பொருளை ஒரு முறைக்கு மேல் வரைந்திருப்பதால், அவை எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்ல விரும்புபவர் ‘தி சன்ஃப்ளவர் பெயின்டிங்ஸ் ஆர்’ என்று ‘பெயின்டிங்ஸ்’ என்ற சொல்லைக் கொண்டுவந்து அதனிடம் பன்மையை ஒப்படைக்கலாம். அப்போது ‘சன்ஃப்ளவர்’ பெயரடைபோல் நிற்பதால் அதற்குப் பன்மை விகுதி தேவையில்லை.